ஏழாம் மெட்டுப் பஞ்சமம் ஒருவழியாக நின்றது

நேற்று ராத்திரி என் வீணையின் ஏழாம் மெட்டில் (மெட்டு என்பது தந்தியை அழுத்தும் உலோகக் கம்பி) பஞ்சமம், அதாவது 'ப' ஸ்வரம், மீட்டியபின் 5 வினாடி நின்றது. போன மாதம் வரை 2 வினாடியில் அடங்கிவிடும். அக்கம்பக்கத்து மெட்டுகள் எல்லாம் 5, 6 வினாடி பாடும்போது இது மட்டும் அப்படி. சந்தோஷம் தாங்கவில்லை, மிச்ச வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் தந்தி. தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டிக் குடியிருந்தால் எஃகுத் தந்திக்கு ஆயுசு குறைவு. துரு ஏறினால் எல்லா ஸ்வரமும் குறுகும். மாற்றினேன், எல்லாம் நீண்டது, பஞ்சமம் தவிர. அடுத்து தந்திகளைத் தாங்கும் குதிரை. தகட்டுக்கு அடியில் அரக்கு விட்டுப்போயிருந்தது. மறுபடி பதித்தேன், எல்லாம் தெளிந்தது, பஞ்சமம் தவிர.

பிறகு மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகின் மேல் சந்தேகம். கடலூர் வெயிலில் மெழுகு இளகி, மெட்டு லேசாக ஆடி, தந்தியின் அசைவை இழுத்துக்கொள்கிறது என்று நினைத்தேன். திருப்பாப்புலியூரில் நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகும் குங்கிலியமும் வாங்கி, கரித்தூள் சேர்த்துக் காய்ச்சி, அந்த ஒரு மெட்டை மட்டும் மூன்று தரம் எடுத்து மூன்று தரம் வைத்தேன். துளி மாற்றம் இல்லை.

அப்புறம்தான் அதே ஸ்வரத்தை அடுத்த தந்தியான பஞ்சமத் தந்தியில், பன்னிரண்டாம் மெட்டில் வாசித்துப் பார்த்தேன். அங்கேயும் பொசுக்கென்று போனது. சுருதியை நாலரைக் கட்டையிலிருந்து நாலுக்கு, அதாவது ஒரு மெட்டு அளவு, இறக்கினேன். ஏழாம் மெட்டு கணீரென்று நின்றது, பழைய பஞ்சமத்தின் சுருதி இப்போது வரும் எட்டாம் மெட்டில் சுத்த தைவதம் செத்தது! ஆக, மெட்டும் மெழுகும் நிரபராதிகள். தந்திகளைத் துணியால் அடக்கிவிட்டுக் குதிரைக்குப் பக்கத்தில் விரலால் தட்டினால் குடத்தின் மேல்பலகையே அந்தச் சுருதியில்தான் பேசுகிறது, ஏறக்குறைய 277 ஹெர்ட்ஸ். ஸ்வரம் அதோடு பொருந்தும்போது தந்தியில் இருப்பதையெல்லாம் பலகை ஒரே மடக்கில் குடித்துவிடுகிறது. காது கொடுத்துக் கேட்டால், அந்த ஸ்வரம் மற்றவற்றைவிட உரக்கப் பிறந்துதான் சீக்கிரம் சாகிறது. ஒரு மீட்டலில் தந்திக்குக் கொடுப்பது ஓர் அளவுதான். அதைச் சத்தமாகக் கொட்டிவிட்டால் நீளத்துக்கு ஏது? சத்தமும் வேண்டும், நீளமும் வேண்டும் என்று வீணை தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, பலகையை இழைக்க மனம் வரவில்லை. பாரம் ஏற்றினால் அதன் சுருதி இறங்கும் அல்லவா? அதே மெழுகைச் சுண்டைக்காய் அளவில் தொடங்கி நெல்லிக்காய் வரை உருட்டி ஒட்டிப் பார்த்தேன். உருண்டையின் அளவைவிட அதன் இடம்தான் படுத்திவிட்டது. ஓரத்தில் வைத்தால் ஒன்றுமே ஆகாது, அங்கே பலகை அசைவதில்லை. குதிரையை ஒட்டி வைத்தால் பஞ்சமம் நிற்கிறது, ஆனால் வீணை முழுக்கப் போர்வை போர்த்தினாற்போல் மங்கிவிடுகிறது. பதினோரு சாயங்காலம் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, குதிரையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, நான்கில் மிகத் தாழ்ந்த ஒலியுள்ள அனுமந்தரத் தந்திப் பக்கம் வைத்ததும் சரியாக உட்கார்ந்தது. செத்த இடம் இப்போது பிரதி மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் இருக்கிறது. கமகம் அதைத் தாண்டித்தான் போகும், அங்கே யாரும் நிற்பதில்லை. பஞ்சமம் அப்படியா, அது வருகிற பெரும்பாலான ராகங்களில் நின்று பாட வேண்டிய ஸ்வரம்.

பண்ருட்டி இங்கிருந்து கூப்பிடு தூரம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் போவது அங்கிருந்துதான். ஒரு மர வாடியில் துண்டுப் பலகைகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே தந்தி போட்டு ஒரு சோதனைப் பெட்டி செய்து, பலகையின் கனத்தை நூல் நூலாகக் குறைத்து, சத்தமும் நீளமும் எப்படி மாறுகின்றன என்று அளக்கப் போகிறேன். இழைப்புளிக்குச் சாணை பிடித்தாகிவிட்டது. பதினெட்டாம் மெட்டுக்கு மேல் மேளம் வைக்கும் வேலை, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிப்பது, இன்னும் அப்படியே கிடக்கிறது, காய்ச்சிய மெழுகும் மிச்சம் இருக்கிறது.