சிமெண்ட் வேண்டாம் என்று சொல்லும் வேலை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்துப் பழைய வீடுகளில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. "சுவர் உதிருது, மேலே கெட்டியா சிமெண்ட் பூசிடலாமா?" என்று கேட்காத வீட்டுக்காரர் குறைவு. வாயால் விளக்கி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஊருக்குத் தெற்கே இருக்கும் சான் சேவியர் தெல் பாக் தேவாலயத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.

தோகோனோ ஓதாம் பழங்குடியினரின் கிராமம் அது. யேசு சபைப் பாதிரியார் கீனோ 1692-இல் அங்கே வந்தபோது, ஸ்பானிய ஆட்சியின் வடக்கு எல்லைப் பகுதிகளில் ஒன்று அது. இன்று நிற்கும் கோயில் பின்னால் வந்த பிரான்சிஸ்கன் சபையார் 1783 முதல் 1797 வரை கட்டியது. உழைப்பு ஓதாம் மக்களுடையது. பணமோ, வரப்போகும் கோதுமை விளைச்சலை நம்பி ஒரு பண்ணையாரிடம் வாங்கிய 7,000 பெசோ கடன்! கிழக்குக் கோபுரம் இன்னும் குவிமாடம் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை; காசு தீர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

நான் காட்ட விரும்புவது வெளிப்பூச்சை. சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய சுவர் அது. 20-ஆம் நூற்றாண்டில் பாதுகாப்பதாக நினைத்து அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்டில் வெடிப்பு விட்டது. ஜூலை, ஆகஸ்ட் மழை அதன் வழியே உள்ளே போனது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. செங்கல் ஊறிப்போய், உள்சுவர் ஓவியங்கள் வரை ஈரம் எட்டியது. 1980-களின் இறுதியில் சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, சுண்ணாம்பும் மணலும் சப்பாத்திக்கள்ளிச் சாறும் கலந்து பூசத் தொடங்கினார்கள். கள்ளியின் வழுவழுப்பு பூச்சைச் சட்டென்று காயவிடாது. டூசான் வெயிலில் அது பெரிய விஷயம். ஓவியங்களைச் சுத்தம் செய்ய 1992-இல் வந்த வெளிநாட்டு நிபுணர்கள், கிராமத்து ஓதாம் இளைஞர்களுக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் திட்டத்திலேயே எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

சுற்றிக் காட்டி முடித்ததும், "சரி, சுண்ணாம்பு எத்தனை வருஷம் தாங்கும்?" என்பார்கள். அவ்வப்போது பார்த்துப் பார்த்துப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பேன். சிலர் ஒத்துக்கொள்வார்கள். சிலர் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிமெண்டுக்கே போய்விடுவார்கள். தேவாலயத்துக்கு நன்கொடை வருகிறது, அவர்களுக்கு வராது. அதனால் நானும் ரொம்ப வாதாடுவதில்லை.