சித்தியின் சாவிக்கொத்துக்கு ஒரு கிளி

தை மாதம் சித்தி கோவையில் புது வீட்டுக்குக் குடிபோகிறார் என்று செய்தி வந்தது. 30 வருடத்துக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோவில் மாடவீதிக்கு ஒரு தெரு தள்ளி இருந்தவர். பால் காய்ச்சும் அன்று குத்துவிளக்கு, வெள்ளிக் கிண்ணம் எல்லாம் மற்றவர்கள் கொண்டுவருவார்கள். எனக்கு என் கையால் ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நூலைக் கவ்வி இழுத்துப் பின்னும் கொக்கி ஊசியை, அதாவது குரோஷா ஊசியை, எனக்குப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே சித்திதான். ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில் கம்பளி நூலைக் கையில் கொடுத்துச் சங்கிலி போடச் சொல்வார். "நூறு ஆனதும் என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டு மத்தியானம் படுத்துவிடுவார். டிவி மேல் விரிக்கும் துணி, நிலைவாசல் தோரணம், விளக்குக்கு அடியில் வைக்கும் வட்ட விரிப்பு என்று அவர் போட்டுக் கொடுத்தவை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன.

என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சித்திக்குத் தினசரி வேலை. பைக்குள் கையை விட்டதும் விரலில் மெத்தென்று தட்டுப்படுகிற மாதிரி ஒன்று சாவியோடு தொங்கினால் நல்லது. அது ஊர் ஞாபகமாகவும் இருக்க வேண்டும். அப்படியென்றால் கிளிதான்.

ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சேர்ந்து இறக்கை, அரளி மொட்டில் வால், காக்காப்பொன்னில் கண், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். ஒரே ஒரு நாள் இருக்கப்போகிற கிளிக்கு இவ்வளவு பொறுமையா என்று சின்ன வயதில் நான் அசந்து நின்றிருக்கிறேன். அதை அப்படியே நூலில் செய்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோவில் கிளி கோவிலுக்கு உரியது. மூக்கின் நிறத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

பஞ்சு அடைத்த இந்தச் சின்னக் குரோஷா பொம்மைகளை ஜப்பானில் அமிகுருமி என்கிறார்கள். 'அமி' என்றால் பின்னல், 'நுய்குருமி' என்றால் பஞ்சு அடைத்த பொம்மை. சித்தி போட்ட தோரணத்துக்கும் இதற்கும் ஊசி ஒன்றுதான் என்றாலும் கைப்பழக்கம் வேறு. தோரணத்தில் ஓட்டைதான் அழகு. இங்கே ஓட்டை தெரிந்தால் பஞ்சு வெளியே வந்துவிடும்.

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு தையல் சாமான் கடையில் கிளிப்பச்சை நிறத்தில் மில்க் காட்டன் நூல் ஓர் உருண்டை வாங்கினேன். கம்பளி வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். சாவிக்கொத்து நாள் முழுக்கக் கையிலும் பையிலும் உரசிக்கொண்டே இருக்கும், கம்பளி சீக்கிரம் பிசிறு தட்டித் திரண்டுவிடும். இந்த நூலுக்கு வழக்கமாக 2.5 மி.மீ. ஊசி எடுப்பேன். பொம்மைக்குப் பின்னல் நெருங்கி விழ வேண்டும் என்பதால் 2 மி.மீ. எடுத்தேன்.

கணக்கு இதுதான். இழுத்தால் சுருங்கி மூடிக்கொள்ளும் நூல் வளையத்தில், அதாவது மேஜிக் ரிங்கில், 6 சிங்கிள் குரோஷா (குட்டையான சாதாரணத் தையல்). அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு போட்டு 12, அப்புறம் 18, அப்புறம் 24. அதற்கு மேல் கூட்டாமல் நாலு சுற்று போனால் தலை. ஒன்பதாவது சுற்றில் 18 ஆகக் குறைத்தால் கழுத்து, பத்தாவதில் மறுபடி 24 ஆக்கினால் உடம்பு தொடங்கும். ஐந்து சுற்று நேராகப் போய், 18-இல் இரண்டு சுற்று, 12-இல் இரண்டு சுற்று, கடைசியில் 6 ஆக்கி மூடிவிடலாம். மொத்தம் 20 சுற்று, சுமார் 5 செ.மீ. உயரம். சுற்றுகளை இணைக்காமல் நத்தை ஓடு மாதிரி சுழன்றுகொண்டே போவதால் சுற்று எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும் ஒரு வெள்ளை நூல் துண்டைச் செருகிக்கொண்டே போனேன். இதற்கென்றே விற்கும் ஸ்டிச் மார்க்கர் இவ்வளவு சின்னப் பின்னலில் கனமாகத் தொங்கி இழுக்கிறது. நூல் துண்டுதான் வசதி.

முதல் கிளி ஒரு சனி, ஞாயிறில் முடிந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் தையலுக்குத் தையல் இடைவெளி. ஊசி சின்னதாக இருந்தும் ஏன் என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் 'வி' வடிவத்தில் கால் விரித்து உட்கார்ந்திருந்தது. சித்தி சொல்லிக்கொடுத்தபடி, ஊசியைத் தையலுக்குள் விட்டதும் நூலை ஊசியின் மேல் சுற்றி இழுப்பதுதான் என் கைப்பழக்கம். அதற்குப் பதிலாக, உள்ளே விட்ட ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய், நூலை அப்படியே கொக்கியால் கவ்வி இழுத்தால் தையல் 'எக்ஸ்' வடிவத்தில் விழுகிறது. இந்த முதல் இழுப்பு மட்டும்தான் மாறும். இரண்டு கண்ணிக்குள்ளும் சேர்த்து இழுக்கும் அடுத்த இழுப்பு பழையபடியே. நூல் சுற்றிப் போகும் தூரம் குறைவதால் தையல் இறுகிவிடுகிறது. ஒரு வட்டம் 'வி', ஒரு வட்டம் 'எக்ஸ்' என்று போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நூல், ஒரே ஊசி, அதே 24 தையல். 'எக்ஸ்' வட்டம் கொஞ்சம் சிறியதாகவே இருந்தது, விரலால் அழுத்தினாலும் வெளிச்சம் ஊடுருவவில்லை. கை பழக ஒரு மாலை முழுக்க ஆனது.

அந்த முதல் கிளிக்குள் இலவம்பஞ்சு அடைத்திருந்தேன். பழைய தலையணையில் இருந்து எடுத்தது, ஊர்ப் பஞ்சாக இருக்கட்டும் என்ற ஆசை. அதன் இழை குட்டையானது, வழுக்கலானது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தூசு மாதிரி வெளியே வந்துகொண்டே இருந்தது. நனைந்தால் கட்டி தட்டும் என்பது தலையணை வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். அடுத்த கிளிக்குப் பாலியஸ்டர் பஞ்சுக்கு மாறினேன். கட்டியாகத் திணிக்காமல் பிய்த்துப் பிய்த்து, முதலில் தலையின் ஓரங்களில், பிறகு நடுவில், கழுத்தில் மட்டும் நன்றாக அழுத்தி அடைத்தேன். கழுத்தில் பஞ்சு குறைந்தால் தலை ஆடும்.

இரண்டாவது கிளியில்தான் முகம் என்பது என்ன என்று பிடிபட்டது. கண்ணுக்கு 5 மி.மீ. கறுப்புப் பிளாஸ்டிக் கண் வாங்கியிருந்தேன். தண்டைத் தையலுக்கு நடுவே செருகி, உள்பக்கம் வாஷரை அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் கழற்ற முடியாது. ஐந்தாவது, ஆறாவது சுற்றுக்கு நடுவே வைத்து அழுத்திவிட்டேன். மூடிய பிறகு பார்த்தால் கிளி எதையோ கண்டு மிரண்ட மாதிரி இருந்தது. எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் அதே மிரட்சி.

மூன்றாவது கிளிக்குக் கண்ணை அவசரப்பட்டு வைக்கவில்லை. தலை முடிந்ததும் லேசாகப் பஞ்சு அடைத்து, கறுப்புத் தலைக் குண்டூசி இரண்டைக் குத்திக் குத்திப் பார்த்தேன். ஏழாவது, எட்டாவது சுற்றுக்கு நடுவே வைத்தால் தூங்கி வழிந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே வைத்ததும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தது. ஒரே ஒரு சுற்று, அதாவது இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். அடுத்து அகலம். எட்டுத் தையல் இடைவெளியில் இரண்டு கண்ணும் முன்னால் வந்து ஆந்தை ஜாடை அடித்தது. பத்துத் தையல் விட்டதும் கண் பக்கவாட்டுக்குப் போய்ப் பறவை ஆகிவிட்டது. கிளிக்குக் கண் பக்கத்தில்தானே இருக்கும்! இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. சுழலாகப் போகும் சிங்கிள் குரோஷா ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து விழும். 'எக்ஸ்' தையலில் சாய்வு குறைவு, ஆனாலும் இருக்கும். அதனால் மூக்கைத் தையல் எண்ணி நடுவில் வைத்தால் பார்வைக்கு நடுவில் இருக்காது. எண்ணிக்கையை விட்டுவிட்டு, எதிரே கண்ணாடியில் காட்டிப் பார்த்துத்தான் மூக்கைத் தைத்தேன்.

மூக்குக்குப் பச்சை நூலின் கனத்தில் சிவப்பு நூல் எடுத்தால் முகத்தையே அடைத்துக்கொண்டது. ஆங்கர் எம்பிராய்டரி நூலில், மிளகாய்ப்பழச் சிவப்பும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல் மாதுளம்பூ நிறத்தில் ஒன்று தேடி எடுத்தேன். ஆறு இழையும் பிரிக்காமல் 1.25 மி.மீ. ஊசியில் போட்டேன். ரிங்கில் 4, அடுத்த சுற்றில் 6. மூன்றாவது சுற்றில் மூன்று ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத தையல்), மூன்று ஹாஃப் டபுள் (சிங்கிளைவிட உயரமான தையல்). ஹாஃப் டபுள் உயரமாக நிற்பதால் அந்தப் பக்கம் மேலே வருமாறு வைத்துத் தைத்தால், மூக்கு தானாகவே கீழ்நோக்கி வளைகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

தைப்பதற்கு முன் அந்தச் சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பார்த்தேன், சாயம் போகவில்லை. ஈரக் கையோடு சாவி எடுப்பவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்துவிடுங்கள்.

இறக்கையும் வாலும் சுலபம். இறக்கைக்கு ஏழு சங்கிலி போட்டு, இரண்டு பக்கமும் இலை வடிவத்தில் ஏறி இறங்கினேன். வாலுக்கு அரளி மொட்டு ஞாபகம் வந்தது. நீளம் வேறு வேறாக மூன்று சங்கிலி போட்டுத் திரும்பி வந்து அடியில் சேர்த்துத் தைத்தேன். கழுத்து வளையத்தைத் தனிச் சுற்றாகப் பின்னினால் நிறம் மாறும் இடத்தில் படி மாதிரி ஒரு தடம் விழும். அதனால் ரோஜா நிற நூலை ஊசியில் கோத்து, பின்கழுத்தில் தொடங்கிப் பின்கழுத்திலேயே முடித்தேன். நம் ஊர்ப் பச்சைக்கிளிக்குச் செந்தார்ப் பைங்கிளி என்று பெயரே அந்த ஆரத்தால்தான், அதுவும் வளர்ந்த ஆண் கிளிக்கு மட்டும். கூண்டுக்கிளி என்றாலே சித்திக்குப் பிடிக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கிளிகளுக்கும் உண்டு, வீட்டில் அடைத்து வளர்க்கக் கூடாது என்று அண்டை வீட்டுக்காரரிடமே நேராகச் சொன்னவர்.

இனி வளையம். இதைச் சொல்லாவிட்டால் செய்கிறவர்கள் கஷ்டப்படுவார்கள். இரண்டாவது கிளியின் உச்சியில் வளையத்தைத் தைத்து, ஒரு கனமான சாவிக்கொத்தை மாட்டி, கிளியின் அடிப்பக்கத்தைப் பிடித்து ஒரு நாள் முழுக்க வேலை செய்யும்போதெல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்தேன். மேஜிக் ரிங் வாய் பிளந்து, தலை கொக்குக் கழுத்தாக நீண்டுவிட்டது. பையிலிருந்து எடுக்கும்போது எல்லாரும் பொம்மையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள், சாவியைப் பிடித்து இல்லை. மூன்றாவதில் அழுத்தமான நைலான் நூலை இரட்டையாக, அடியிலிருந்து உடம்புக்குள் ஏற்றி உச்சியில் வளையத்தில் மாட்டி, மறுபடி கீழே இறக்கி அடியில் முடிச்சுப் போட்டேன். இழுவை முழுக்க அந்த நூலுக்குப் போய்விடுகிறது, பின்னலுக்கு வேலை இல்லை. முடிச்சின் மேல் கடைசி ஆறு தையலைச் சுருக்கி மூடி, நுனியை மழுங்கிய ஊசியால் உள்ளே இழுத்துவிட்டேன். வளையம் இல்லாமல் சமையலறைத் தராசில் 9 கிராம்.

பால் காய்ச்சின அன்று கூட்டம் அடங்கிய பிறகு சித்தி கையில் கொடுத்தேன். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பி, அடி எப்படி மூடியிருக்கிறது என்றுதான் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உடம்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"என்னடி இது, பின்னல் எல்லாம் எக்ஸ் எக்ஸா விழுந்திருக்கு? நான் உனக்கு இப்படிச் சொல்லித் தரலையே."

"நூலை மேல சுத்தாம, ஊசியால நேரா பிடிச்சு இழுத்தேன் சித்தி."

"எங்கே, போட்டுக் காட்டு."

மீதி நூலும் ஊசியும் என் பையில்தான் இருந்தன. நாலு தையல் போட்டுக் காட்டினேன். ஐந்தாவதுக்குள் ஊசியை வாங்கிக்கொண்டார். சமையலறையில் யாரோ சித்தியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர் ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கிளம்பும்போது நூல் உருண்டையையும் 2 மி.மீ. ஊசியையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் சித்தி ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு பச்சைத் தலை, எட்டுச் சுற்று முடிந்திருந்தது, சுற்றின் அடையாளத்துக்கு ஒரு சேஃப்டி பின். கீழே ஒரே வரி: "கண்ணை எத்தனாவது சுத்துல வெச்சே?"