ஆசாரியனுக்குக் காட்டு

"ஆண்டவர் தொட்டுட்டாருக்கா. இன்னும் மாத்திரை துன்னா, அவர் செஞ்சத நம்பலன்னு தானே அர்த்தம்?"

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிற தம்பி. டி.பி. சிகிச்சையின் ஏழாவது வாரம். மாத்திரை கொடுக்கிற என்னிடம் பிரிக்காத அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் எண்ணெய் பூசி ஜெபித்திருக்கிறார்கள், இவனும் எழுந்து சாட்சி சொல்லியிருக்கிறான். பாஸ்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது இவனே எடுத்த முடிவு.

அவன் சொன்னதில் பொய் இல்லை. இருமல் நின்றிருந்தது, 44 கிலோவில் வந்தவன் 47 ஆகியிருந்தான். டி.பி. சிகிச்சையில் கஷ்டமே இங்கேதான். வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோனியசிட் என்ற மருந்து ஆரம்ப நாட்களிலேயே பெருமளவு கொன்றுவிடும். சில வாரங்களில் காய்ச்சல் விட்டு, பசி எடுக்கும். மந்தமாய்ப் பதுங்கிக் கிடக்கிற மிச்சத்தைத் தீர்க்கத்தான் ரிஃபாம்பிசினும் பைரசினமைடும். நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை இரண்டு மாதம், பிறகு பைரசினமைடு இல்லாமல் மூன்று மருந்து சேர்ந்தது நான்கு மாதம். அவன் எடைக்குத் தினம் மூன்று மாத்திரை. பாதியில் விட்டால் மிஞ்சியது மறுபடி பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுக்கும்.

இதையெல்லாம் அன்று சொல்லியிருக்கலாம். நான் வேதத்தை எடுத்தேன். "பத்து குஷ்டரோகிகள்கிட்ட ஆண்டவர் என்ன சொன்னார்? போய் ஆசாரியருக்குக் காட்டுங்கன்னு தானே? நீயும் சளி குடுத்துக் காட்டு."

இரண்டு மாத முடிவில் எப்படியும் எடுக்க வேண்டிய சளிதான். முடிவு நெகட்டிவ். ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குப் படும். அதனால் நெகட்டிவ் என்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் பொருள், நோய் தீர்ந்தது என்றல்ல. எனக்கு இது தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன், முடிவு வந்ததும் உட்கார்ந்து விளக்கிக்கொள்ளலாம் என்று. அவன் விளக்கத்துக்கு நிற்கவில்லை. அந்தக் காகிதத்தைச் சபையில் தூக்கிக் காட்டினான். அவன் சாட்சிக்கு முத்திரை குத்திக் கொடுத்தது நான்தான்.

வேதத்தில் லேவியராகமத்தில், குஷ்டமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற ஆசாரியன் ஒரே பார்வையில் முடிவு சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் ஏழு நாள் அடைத்து வைத்துப் பார்ப்பான், மறுபடி ஏழு நாள். பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் பெயர் தந்த பிரான்சு லூர்திலும் அப்படித்தான். 1883 முதல் அங்கே டாக்டர்கள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். குணமானோம் என்று வந்தவர்கள் 7,000 பேருக்கு மேல், அற்புதம் என்று திருச்சபை ஏற்றது எழுபது சொச்சம். மருந்தால் வந்திருக்கலாம் என்றால் அற்புதக் கணக்கில் வராது, நோய் திரும்புகிறதா என்று வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காத்திருப்பது அவிசுவாசம் இல்லை. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

19 நாள் மாத்திரை போகவில்லை. இருபதாம் நாள் வீட்டுக்கே போனேன். சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுப்பேன் என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கச் சொன்னதைச் சொன்னேன். அவன் பேசவில்லை. அவன் மனைவி என் கையிலிருந்து அட்டையை வாங்கி, மூன்றை உள்ளங்கையில் பிதுக்கி, கண்ணை மூடி ஜெபித்து, அவனிடம் நீட்டினாள். விழுங்கினான். விட்ட 19 நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு மாதம் தாண்டாததால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அவனை மாற்றியது வசனமா, அவளா? எசேக்கியாவை நான் நம்பித்தான் சொன்னேன். ஆனால் மூன்று மாத்திரை உள்ளே போக வேண்டும் என்ற அவசரமும் அதில் இருந்தது. வேதத்தை அப்படி எடுத்தாளலாமா? ஒரு உயிருக்காகத்தானே என்று தோன்றும். பத்து குஷ்டரோகிகளையும் அப்படி எண்ணித்தான் எடுத்தேன், அது அவனுக்கு 19 நாளைத் தின்றது.

மறுநாள் காலை போன் செய்தான்.

"ஒண்ணுக்கு மறுபடி ஆரஞ்சா போவுதுக்கா."

ரிஃபாம்பிசின் உள்ளே போனால் அந்த நிறம்தான் வரும். "ஸ்தோத்திரம்" என்றேன்.