கால தேய்ச்சு நடக்குற வீடு

மார்ச் 3, திங்கள்

நேத்து சாயங்காலம் நாலு இருபதுக்கு எங்க நாய் வண்டு போயிட்டான். 13 வயசு. எழுதணும்னு உக்காரல, தூக்கம் வரல, அதான்.

எங்க வீட்ல ராத்திரில யாரும் கால தூக்கி வெச்சு நடக்க மாட்டோம். தரையோட தேய்ச்சு தேய்ச்சுதான் போவோம், ஏன்னா அவன் கன்னங்கரேல்னு இருப்பான், லைட்ட அணைச்சதும் ரூம் வாசப்படிக்குக் குறுக்கால வந்து படுத்துக்குவான், கண்ணுக்கே தெரியாது, மிதிச்சுட்டா அவனும் கத்தி நாமளும் கத்தி வீடே எழுந்துரும். நேத்து நைட்டும் தேய்ச்சுக்கிட்டேதான் போனேன். வாசப்படிகிட்ட கால் தானா தேடுச்சு. ஒண்ணும் தட்டுப்படல. அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

அப்புறம் படுத்துக்கிட்டு இருக்கும்போது அம்மா பாத்ரூம் போற சத்தம் கேட்டுச்சு. சர்க் சர்க்னு. அவங்களும் தேய்ச்சுக்கிட்டுதான் போறாங்க.

மார்ச் 4, செவ்வாய்

ஊசி போட்டு அவன அனுப்பி வெச்ச அந்த அரை மணி நேரத்த எழுதிடறேன், இல்லன்னா மண்டைக்குள்ள திரும்பத் திரும்ப ஓடிக்கிட்டே இருக்கும்.

டாக்டர் முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. முதல்ல மயக்க ஊசி, அதுல நல்லா தூங்கிடுவான், அதுக்கப்புறம் கால் நரம்புல போட்டிருக்குற ஊசிக்குழாய், அந்த வென்ஃப்ளான் வழியா ரெண்டாவது மருந்து, அது மயக்க மருந்து வகைதான், ஆனா அளவு ரொம்ப அதிகம், மூளை அடங்கி மூச்சு நின்னு அப்புறம் இதயம் நிக்கும், ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுரும்னாரு. அப்புறம் சொன்னதுதான் முக்கியம். கண்ணு மூடாது, தொறந்தே இருக்கும். யூரின் போயிரும். எல்லாம் முடிஞ்சப்புறமும் ஒண்ணு ரெண்டு தடவ மூச்சு இழுக்குற மாதிரி தெரியலாம், தசை துடிக்கலாம், அது உயிர் இல்ல, பயப்படாதீங்கன்னு.

சொன்னது நல்லதாப் போச்சு. ஏன்னா அப்படியே நடந்துச்சு. டாக்டர் ஸ்டெதஸ்கோப்ப வெச்சு ரொம்ப நேரம் கேட்டுட்டு தலைய ஆட்டினாரு, நான் அவன் காதப் புடிச்சுக்கிட்டு இருக்கேன், திடீர்னு வாய் லேசாத் தொறந்து ஒரு இழுப்பு. தம்பி "அக்கா, இருக்கான்க்கா, இருக்கான்"னு கத்திட்டான். நான் இல்லடா, இல்லடான்னு சொல்லிக்கிட்டே எனக்கும் ஒரு நொடி... விடுங்க.

காது சூடாவே இருந்துச்சு ரொம்ப நேரம். அவன் காது நுனியில சின்னதா ஒரு வெட்டு உண்டு, குட்டியா இருக்கும்போது எதுலயோ மாட்டிக் கிழிஞ்சது. அந்த வெட்ட கட்டவெரலால தடவிக்கிட்டே இருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

இத யார்கிட்டயும் சொல்லல. இங்க எழுதறேன்.

போன வருஷம் நடுவுல அவன் தண்ணி நெறைய குடிக்க ஆரம்பிச்சான். கிண்ணத்த காலையில ரொப்பினா மதியமே காலி. நான் என்ன பண்ணேன் தெரியுமா, தலையத் தடவி "சமத்து, எவ்ளோ தண்ணி குடிக்கிறான் பாரு"ன்னு கொஞ்சினேன். வெயிலுக்குக் குடிக்கிறான்னு நினைச்சேன். கிண்ணம் சின்னதா இருக்குன்னு பெரிய ஸ்டீல் கிண்ணம் வேற வாங்கி வெச்சேன். அது கிட்னி போறதோட முதல் அறிகுறின்னு எனக்குத் தெரியாது. கிட்னியால யூரின கெட்டியாக்க முடியாம தண்ணி தண்ணியாப் போகுது, போறத ஈடுகட்டத்தான் அவன் அவ்ளோ குடிக்கிறான்.

மூணு மாசம் கழிச்சு எடை குறையுதேன்னு கூட்டிட்டுப் போனப்ப ரத்தத்துல கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளிய தள்ள வேண்டிய கழிவு, 3.4. 1.4க்குக் கீழ இருக்கணும். டாக்டர் பேப்பர்ல கிட்னி படம் போட்டுக் காமிச்சாரு, முக்கால்வாசி வேல செய்யாமப் போனப்புறம்தான் இந்த நம்பரே ஏற ஆரம்பிக்கும், நீங்க முன்னாடியே வந்திருந்தாலும் இந்த டெஸ்ட்ல தெரிஞ்சிருக்குமான்னு சொல்ல முடியாதுன்னாரு. ஆறுதலுக்குச் சொன்னாரா நிஜமாவே சொன்னாரான்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன். யூரின் டெஸ்ட் பண்ணியிருந்தா கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்னு அப்புறம் நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். படிச்சிருக்கவே கூடாது.

அந்தப் பெரிய கிண்ணம் இன்னும் அங்கயேதான் இருக்கு. தண்ணியோட. நாலு நாள் தண்ணி, மேல தூசி படிஞ்சிருக்கு, ஒரு முடி மெதக்குது. கொட்டணும்.

மார்ச் 7, வெள்ளி

காலையில 6.30க்கு அலாரம் அடிச்சுச்சு. "வண்டு ட்ரிப்ஸ்"னு பேரு போட்டு வெச்சது. அணைச்சேன், டெலீட் பண்ணல.

மார்ச் 8, சனி

ட்ரிப்ஸ் நேரத்துல இப்ப என்ன பண்றதுன்னே தெரியல. அஞ்சு மாசம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதுதான் வேலை. தோள்பட்டைக்கு நடுவுல தோல கூடாரம் மாதிரித் தூக்கிப் புடிச்சு ஊசியச் சொருகணும், முதல் வாரம் என் கை நடுங்குனதுல ஊசி அந்தப் பக்கம் வெளிய வந்து சுவரெல்லாம் தண்ணி. அப்புறம் பழகிடுச்சு. தண்ணி எறங்க எறங்க முதுகுல ஒட்டகத் திமில் மாதிரி வீங்கும், கொஞ்ச நேரத்துல அது சரிஞ்சு ஒரு கால் பக்கம் வந்து தொங்கும், அந்தக் கோலத்துல அவன் வீட்டச் சுத்தி நடந்து வர்றதப் பாத்து நாங்க மூணு பேரும் சிரிப்போம். சிரிச்சோம், ஆமா. வியாதி வீட்லயும் சிரிப்பு இருந்துச்சு.

இன்னிக்கு ரெண்டு பேர் அந்த ஜப்பான் நாய் ஹச்சிகோ கதைய அனுப்பி வெச்சாங்க. அவன் செத்தது மார்ச் 8ஆம் தேதிதானாம், 1935ல. செத்துப்போன ப்ரொஃபசருக்காக ஷிபுயா ஸ்டேஷன்ல ஒம்பது வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டு இருந்தது, உசுரோட இருக்கும்போதே 1934ல சிலை வெச்சது, அந்தத் திறப்பு விழாவுல அவனே வந்து நின்னது, இதெல்லாம் தெரிஞ்ச கதை. எனக்கு மனசுல தங்குனது வேற ஒண்ணு. அவனோட உறுப்பெல்லாம் பத்திரமா வெச்சிருந்து 2011ல மறுபடி பாத்தப்ப இதயத்துலயும் நுரையீரல்லயும் கேன்சர் இருந்துச்சாம். 76 வருஷம் கழிச்சு. அவ்ளோ பேர் தெனமும் அவனப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, அடுத்த நிமிஷமே அதுக்காக வெக்கமாவும் இருந்துச்சு.

மார்ச் 11, செவ்வாய்

ஆபீசுக்குக் காய்ச்சல்னு சொல்லித்தான் லீவு போட்டிருந்தேன். நாய் செத்துருச்சுன்னு சொன்னா என்ன மூஞ்சி காட்டுவாங்கன்னு தெரியும். இன்னிக்குப் போனா எல்லாரும் காய்ச்சல் சரியாயிருச்சான்னு கேக்குறாங்க, நானும் பரவால்லங்கறேன். பக்கத்து சீட் அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும், நல்லவங்கதான், "இன்னொண்ணு எடுத்துக்கோம்மா, மறந்துரும்"னாங்க. ஒடைஞ்ச கப்பா அது.

துக்கத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ண கென்னத் டோக்கான்னு ஒருத்தர் 1989ல இதுக்கு "disenfranchised grief"னு ஒரு பேரே வெச்சிருக்காரு, ஊர் உலகம் துக்கம்னு ஏத்துக்காத துக்கம், வெளிய சொல்லி அழ முடியாதது, லீவு கெடைக்காதது. பேரு இருக்குன்னு தெரிஞ்சதுல என்னமோ ஒரு சின்ன நிம்மதி. காய்ச்சல்ங்கறத விட அது மேல்.

மார்ச் 13, வியாழன்

பொதைச்ச எடத்துல தம்பி ஒரு கல்லு வெக்கணுங்கறான். நாய்க்குக் கல்லான்னு அம்மா ஒரு மாதிரிப் பாத்தாங்க. உடனே அவன் போன எடுத்து திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் போட்டோவக் காமிச்சான். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துது, 7ஆம் நூற்றாண்டு. மாடுகளக் காப்பாத்தி உசுர விட்ட வீரனோட உருவம், பக்கத்துலயே அவனோட நாய். அதுக்குப் பேரு கோவிவன், கள்ளங்க ரெண்டு பேரக் கடிச்சுக் காவல் காத்துச்சுன்னு கல்லுல வெட்டியிருக்காங்க. ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும் ஒரு நாயோட பேர நாம படிச்சுக்கிட்டு இருக்கோம்.

அம்மா கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "அது திருடனக் கடிச்சுதுடா. இவன் திருடன் வந்தா வால ஆட்டிக்கிட்டு பீரோ எங்க இருக்குன்னு காட்டியிருப்பான்"னாங்க. பதினொரு நாள் கழிச்சு முதல் தடவ சேந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க.

மார்ச் 19, புதன்

தம்பியோட சண்ட. அவன் கேட்டது ஒரே கேள்விதான், "இன்னும் ஒரு வாரம் பாத்திருக்கலாமே." எனக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. கிரியேட்டினின் 9.8, வாய்க்குள்ள புண்ணு, மூச்சுல அந்த அமோனியா நாத்தம், தண்ணியக் கூட நக்கிட்டு வாந்தி, நீயா ராத்திரி பூரா கூட உக்காந்திருந்தன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது, 13 வருஷத்துக்கு முன்னாடி சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சு அவனத் தூக்கிட்டு வந்ததே தம்பிதான். என் கோவம் அவன் மேல இல்ல. அதே கேள்விய நானும் எனக்குள்ள கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், ஒரு நாள் ஒரு வாரம் முன்னாடி பண்ணிட்டோமோன்னு தோணுது, இன்னொரு நாள் ஒரு வாரம் லேட்டாப் பண்ணிட்டோமேன்னு தோணுது. தேதியக் குறிச்சு போன் பண்ணது நான்.

அம்மா அது வரைக்கும் பேசாம இருந்தாங்க. "நான் சாப்புட உக்காந்தா வந்து முட்டியில தாடைய வெப்பான்ல. அந்த வெள்ளிக்கிழமை வெக்கல. தூரத்துல இருந்து பாத்தான், வரல. எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு"ன்னாங்க. இந்த வீட்ல ஒண்ணு நாய் இருக்கணும் இல்ல நான் இருக்கணும்னு அன்னிக்குச் சொன்ன அதே அம்மா. முட்டியில தாடைய வெக்கிறான்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. தட்டுல இருந்து எதயும் குடுக்கவே கூடாதுன்னு எங்களத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்க.

தம்பி ஒண்ணும் சொல்லாம எழுந்து போயி அந்தக் கிண்ணத்துத் தண்ணியக் கொட்டிட்டு, கழுவிக் கவுத்து வெச்சுட்டு வந்தான்.

மார்ச் 30, ஞாயிறு

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தாகம் எடுத்து எழுந்து போயி தண்ணி குடிச்சுட்டு வந்து படுத்துட்டேன். போர்வைய இழுத்தப்புறம்தான் ஒறைச்சுது, நேரா நடந்து போயிருக்கேன். கால தூக்கி வெச்சு, சாதாரணமா. போகும்போதும் வரும்போதும்.

எழுந்தேன். லைட்டு போடல. வாசப்படி வரைக்கும் தேய்ச்சுக்கிட்டே போயி, தேய்ச்சுக்கிட்டே திரும்பி வந்து படுத்தேன். பக்கத்து ரூம்ல இருந்து அம்மா, "என்னடி தேடற"ன்னாங்க.

ஒண்ணுமில்லம்மா, தூங்குங்கன்னேன்.