பண்டில் வெளியே வரும் வரை: ஷட்டவுன் நாட்குறிப்பு

மார்ச் 3

வெப்பப் பரிமாற்றி (ஹீட் எக்ஸ்சேஞ்சர்) இது. ஷெல் என்ற உருளைக்குள் இருக்கும் குழாய்க்கட்டு, அதாவது பண்டில், வெளியே வர வேண்டும். லைனை அடைக்கும் தகடுகள், பிளைண்டு, நான்கும் ஏறிவிட்டது. ஷெல் பக்கம் இரண்டு, டியூப் பக்கம் இரண்டு. ஆனால் ஷெல்லின் அடி டிரெய்னைத் திறந்து ஒரு மணி நேரமாகியும் சொட்டுக்கூட இல்லை. உள்ளே ஒன்றும் மீதமில்லை என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். கம்பி விட்டுக் குத்தியதும் கருப்பாகப் பீய்ச்சியது. வாயைக் கசடு அடைத்திருந்தது, அவ்வளவுதான். அடியிலேயே இவ்வளவு இருந்தால் பேஃபிள்களுக்கும் (குழாய்களைத் தாங்கும் குறுக்குத் தகடுகள்) ஷெல்லுக்கும் நடுவே என்ன இருக்கும்?

மார்ச் 4

சேனல் (முன்பக்க மூடுபெட்டி) இறங்கியது. பின்பக்க ஷெல் கவரும் இறங்கியது. இது ஸ்ப்ளிட் ரிங் வகை ஃப்ளோட்டிங் ஹெட், அதாவது பண்டிலின் பின்முனைத் தலை ஷெல்லோடு பிணைக்கப்படாதது. அந்தத் தலையின் கவரும் ரிங்கும் ஷெல்லின் உள்விட்டத்தைவிடப் பெரியவை. அவற்றைக் கழற்றாமல் பண்டிலை முன்பக்கமாக இழுக்கவே முடியாது. ரிங் இரண்டு பாதி. கடைசி ஸ்டட் (இருபுறமும் மரையுள்ள போல்ட்) வந்ததும் கீழ்ப்பாதி தானாக விழும், அதனால் முதலிலேயே பெல்ட் போட்டுப் பிடித்தாயிற்று.

நட்டு தளர்த்தும்போது ஆள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்க வேண்டும். நான்கு ஸ்டட்டை விட்டுவைத்து, கேஸ்கெட் பிரிந்து உள்ளே அழுத்தம் இல்லை என்று தெரிந்த பிறகே அவற்றில் கை வைக்க வேண்டும். பொருத்து அடையாளம் பெயிண்டில் வேண்டாம், கழுவத் தண்ணீர் ஜெட் அடித்தால் போய்விடும். பஞ்ச் குத்தியாயிற்று.

ஷெல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோவெல் (வெப்பமானி உறை) எடுத்தாயிற்றா? எடுத்தாயிற்று. இரண்டு முறை பார்த்தாயிற்று.

மார்ச் 5

பண்டிலை இழுக்கும் இயந்திரம், எக்ஸ்ட்ராக்டர், வரவில்லை. ஷெல்லுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 6

இன்றும் தண்ணீர்தான் கவலை. சல்ஃபர் உள்ள சர்வீஸில் வருஷக்கணக்காக ஓடிய ஷெல் இது. உள்ளே படிந்த கருப்புப் பொடியில் இரும்பு சல்ஃபைடு இருக்கும். ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்து காற்றுப் பட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. ராத்திரி ஷிஃப்ட் மாறும்போது ஹோஸை யாராவது மூடிவிட்டால், காலையில் வெயில் ஏறும்போது புகை வரும். எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் குழாய்கள் எரிந்தால் உலோகமே கெட்டுவிடும். வெள்ளைப் புகையா ஆவியா என்று நின்று யோசிக்கக் கூடாது, உடனே நனைக்க வேண்டும். வால்வில் டேக் கட்டியாயிற்று. வெளியே இழுத்த பிறகும் கழுவும் இடம் போய்ச் சேரும்வரை நனைத்துக்கொண்டே போக வேண்டும். ஹோஸ் நீளம் போதாது. இன்னொன்று கேட்டிருக்கிறது.

கிரேன் கணக்கு: டிராயிங்கில் பண்டில் 6.5 டன். அது சுத்தமான எடை. கசடுக்கு 1.5. எக்ஸ்ட்ராக்டர் 9. ஸ்லிங், ஷேக்கிள் எல்லாம் 1. மொத்தம் 18 டன், அதுவும் இந்த ரேடியஸில் (கிரேனிலிருந்து சுமைக்கு உள்ள தூரம்); தூரம் கூடினால் தூக்கும் திறன் குறையும். கிரேனின் பெயர்ப்பலகையில் எழுதிய டன்னைப் பார்த்துப் பேசுபவர்களோடு இன்று நிறைய நேரம் போனது.

மார்ச் 7

டியூப் ஷீட்டின் (குழாய் முனைகளைப் பிடிக்கும் தடித்த தகடு) இழுவைத் துளைகளில் பிளக் எடுத்து, டேப் விட்டு மரை சுத்தம் செய்து, ஐபோல்ட் தோள் முழுதாகப் படியும்வரை ஏற்றியாயிற்று. எக்ஸ்ட்ராக்டர் ஷெல் ஃப்ளாஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பதால் விசை ஷெல்லைத் தாங்கும் சேடிலுக்குப் போகவில்லை. செயின் பிளாக்கில் தூணைப் பிடித்து இழுத்திருந்தால் போயிருக்கும்.

இழுவை 6 டன்: அசைவில்லை. 8: அசைவில்லை. 10: ஒரு சத்தம். டியூப் ஷீட் மேலே 5 மிமீ விலகியது, கீழே 1 மிமீ. நிறுத்தியாயிற்று.

12-க்கு ஏற்றலாம் என்றார்கள். மேலே 5, கீழே 1 என்றால் பண்டில் சாய்கிறது, அடியில் ஏதோ பிடித்திருக்கிறது. 900 மிமீ ஷெல்லில் பேஃபிளுக்கு விட்டத்தில் உள்ள இடைவெளியே 4.8 மிமீதான். பண்டில் அடியில் உட்கார்ந்திருப்பதால் அந்த இடைவெளி முழுக்க மேலே இருக்கிறது. இந்த நிலையில் விசை கூட்டினால் பேஃபிள் விளிம்பு மடங்கும், பேஃபிள்களைக் கோத்துப் பிடிக்கும் டை ராடு அறும். பிறகு உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும்.

மார்ச் 8

பின்பக்கமிருந்து ஜெட். அடி நாசில் வழியாகவும் ஜெட். வந்தது கருப்புக் குழம்பு, அதில் நகம் அளவு கெட்டிச் சில்லுகள்.

மதியம் பின்னால் குறுக்கே பீம் கட்டி இரண்டு ஜாக். குழாய் முனைகள் டியூப் ஷீட்டிலிருந்து சற்று வெளியே நீண்டிருக்கும், ஜாக் நேரே அவற்றில் பட்டால் போச்சு. தடித்த தகடு டியூப் ஷீட்டின் விளிம்பில் மட்டும் உட்காரும்படி மரக்கட்டை வைத்துத் தள்ளியாயிற்று. முன்னால் இழுவை, பின்னால் தள்ளல், இரண்டும் மெதுவாக. மேலே 8, கீழே 7. நேராக வருகிறது!

40 மிமீ-யில் மறுபடி இறுகியது. எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு பேஃபிளும் தன் முன்னால் உள்ள கசடைச் சுரண்டிக் குவித்து ஆப்பு மாதிரி ஆக்கிவிடும். 30 மிமீ உள்ளே திருப்பித் தள்ளி, கழுவி, மறுபடி இழுத்து. ஏழு முறை. ஏழாவதில் மீட்டர் 5 டன்னுக்கு இறங்கியது.

மார்ச் 9

வந்துவிட்டது.

கடைசி முக்கால் மீட்டர்தான் பயம். பின்முனை ஷெல்லை விட்டு இறங்கும் நொடியில் தாங்கல் இல்லையென்றால் அடி வரிசைக் குழாய்கள் வளையும். எக்ஸ்ட்ராக்டரின் தாங்கி பேஃபிளுக்கு நேர் கீழே வரும்படி இரண்டு முறை நகர்த்தியாயிற்று. ஸ்லிங் அகலத் துணிப்பட்டை, அதுவும் பேஃபிளுக்கு அடியில். ஒயர் ரோப் குழாயைத் தொடவில்லை. இழுவைக்கோட்டில் ஆள் இல்லை.

அடியில் ஸ்கிட் பார் (பண்டில் சறுக்கும் பட்டைகள்) இரண்டும் கண்ணாடி போல் தேய்ந்து பளபளக்கின்றன. பின்னாலிருந்து மூன்றாவது பேஃபிளின் கீழ் விளிம்பு கை அகலத்துக்கு மடங்கியிருக்கிறது. மடிப்பில் துரு ஏறியிருக்கிறது, நேற்றையது அல்ல. முன்பு எப்போதோ உள்ளே தள்ளும்போது மடங்கியது.

ஹோஸ் நீளம் போதுமாக இருந்தது.

மார்ச் 10

கழுவும் தளம். 19.05 மிமீ குழாய், 25.4 சதுர பிட்ச் (குழாய் மையத்திலிருந்து அடுத்த குழாய் மையத்துக்கு), நடுவே 6.35 சந்து. சதுரமாக அடுக்கியதால்தான் ஜெட் ஊடே போகிறது. ஒருபக்கம் விளக்கு வைத்து மறுபக்கம் பார்த்தால் வெளிச்சம் வர வேண்டும்.

கீழே நான்கு வரிசை இன்னும் இருட்டு.