பூண்டுக் கணக்கைப் பூண்டிலேயே போட வேண்டும்

பூண்டு சாகுபடியில் லாபமா நட்டமா என்று பார்க்கும்போது பணத்தில் மட்டும் கணக்கு எழுதினால் பாதிதான் தெரியும். ஆண்டுக்கு ஆண்டு விலை தாறுமாறாக ஆடும் பயிர் இது. வரவையும் செலவையும் கிலோ பூண்டில் எழுதிப் பாருங்கள், எங்கே அடி விழுகிறது என்று பளிச்சென்று தெரியும்.

முதல் செலவு விதை. வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ. விட்டால் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 6,66,000 பற்கள் பிடிக்கும். வாய்க்கால், வரப்பு போக ஆறு லட்சம் என்று வையுங்கள். பல் ஒன்று 1 கிராம் என்றால் 600 கிலோ. வெங்காயம் போடுகிறவருக்கு ஹெக்டேருக்கு 8, 10 கிலோ விதை போதும். பூண்டில் விற்கிற சரக்கேதான் விதை. 6 டன் விளைந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு மறுபடி மண்ணுக்குள் போகிறது.

விதைக்கும் விளைச்சலுக்கும் ஒரே விலை இருந்தால்தான் இந்தப் பத்தில் ஒரு பங்கு. நடவு சமயத்தில் விலை உச்சத்தில் இருந்து, அறுவடையில் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தால்? அதே 600 கிலோ விதைக்கு 1,800 கிலோ விளைச்சலைக் கொடுக்க வேண்டும். கூலி, உரம், தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகுதான். விலை ஏறிய ஆண்டில் புதிதாகப் பூண்டுக்கு வந்து, வெளியில் விதை வாங்கி நட்டவர்தான் அநேகமாக முதலில் கவிழ்கிறார். சொந்த விதை வைத்திருப்பவர் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்தச் சொந்த விதையையும் நல்ல விலை தின்றுவிடுகிறது. ஒரு பூண்டைக் கையால் உடைத்துப் பாருங்கள். வெளிச்சுற்றில் பருத்த பற்கள், உள்ளே நடுத்தண்டை ஒட்டி ஒல்லியானவை. நடவேண்டியது வெளிச்சுற்றுப் பல். விலை ஏறும்போது பெரிய பூண்டெல்லாம் சந்தைக்குப் போய், சிறுத்தது விதைக்கு நிற்கிறது. சிறிய பல் நட்டால் சிறிய பூண்டுதான் வரும். பருமன் பார்த்துத் தரம் பிரிக்கும் சந்தையில் அது கடைசி ரகம். பல்லிலிருந்தே அடுத்த பயிர் வருவதால் வைரஸும் தண்டு நூற்புழுவும் தலைமுறை தலைமுறையாகக் கூடவே வரும். வெள்ளை அழுகல் என்ற பூஞ்சண நோய் ஒருமுறை வயலுக்குள் வந்துவிட்டால் அதன் பூஞ்சண உருண்டைகள் 20 ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு இருக்கும். மலிவாகக் கிடைத்ததே என்று ஊர் பேர் தெரியாத விதையை வாங்குவது நிலத்தையே அடகு வைப்பதற்குச் சமம்.

விலை ஏறும்வரை இருப்பு வைக்கலாம் என்பார்கள். தாள் சாய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்தி, பறித்து, தாளோடு நிழலில் பக்குவமாக உலர்த்திய பூண்டுகூட ஆறு மாத இருப்பில் எடைக்குறைவு, அழுகல், முளைப்பு என்று கால் பங்கை இழக்கக்கூடும். 1,000 கிலோ 750 ஆகிறது என்றால், விலை மூன்றில் ஒரு பங்கு ஏறினால்தான் போட்ட கணக்கே நேராகும். கடைசிக் கட்டத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டு வளர்த்த பூண்டை இருப்பு வைக்கவே கூடாது.

அரசுகள் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகுதான் விழிக்கின்றன. இந்தியாவில் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் பூண்டு இல்லை. விலை சரிந்தால் அரசு கொள்முதல் செய்வதற்கான சந்தைத் தலையீட்டுத் திட்டம் உண்டு. மாநிலம் கேட்க வேண்டும், விலை முந்தைய இயல்பான ஆண்டைவிட 10 விழுக்காடாவது சரிந்திருக்க வேண்டும், நட்டத்தைப் பொதுவாக மத்தியும் மாநிலமும் பாதிப்பாதி ஏற்க வேண்டும். கோப்பு நகர்வதற்குள் கடன்பட்ட விவசாயி விற்று முடித்திருப்பார். 2025இல் வந்த திருத்தம் கொள்முதலுக்குப் பதிலாக விலை வித்தியாசத்தை நேரே வங்கிக் கணக்கில் போட வழி செய்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் வித்தியாசத்தை அரசு தரும் என்று தெரிந்தால் வியாபாரி ஏலத்தில் விலையை இன்னும் இறக்கிக் கேட்பார். சந்தையில் போட்டி குறைவான இடத்தில் அந்தப் பணம் கை மாறிவிடும்.

இறக்குமதி வரியும் எளிய மருந்தல்ல. உலகப் பூண்டில் பெரும்பகுதி சீனாவில் விளைகிறது. அமெரிக்கா 1994இல் சீனப் பூண்டின் மீது 376.67 விழுக்காடு வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது மலிவாகக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி, போட்டது. சரக்கு வேறு நாட்டுப் பெயரில் சுற்றி வரத் தொடங்கியது. தென்கொரியாவில் உறைய வைக்காத பூண்டுக்கு வரி மிக அதிகம், உறைய வைத்ததற்கு அப்போது 30 விழுக்காடுதான். சீனப் பூண்டு உறைந்தே வந்து இறங்கியது. 2000 ஜூனில் கொரியா அதை 315 ஆக்கியதும், சீனா கொரியக் கைபேசிகளையும் பாலிஎத்திலினையும் நிறுத்தியது. அடுத்த மாதமே கொரியா இறங்கி வந்தது. கைபேசி ஏற்றுமதிக்கு முன்னால் பூண்டு விவசாயியின் குரல் எடுபடவில்லை.

அறுவடைக்குப் பிறகு அரசு செலவழிக்கும் பணத்தை நடவுக்கு முன்னால் செலவழிக்க வேண்டும் என்பதே என் வாதம். திசு வளர்ப்பில் வைரஸ் நீக்கிய தாய்விதையைப் பெருக்கிக் கொடுக்கலாம். ஒன்றுக்குப் பத்துக்கு மேல் பெருகாத பயிர் என்பதால் 1 டன் தாய்விதை மூன்று பருவம் கழித்தே 1,000 டன் ஆகும். விலை ஏறிய பிறகு தொடங்கிப் பயனில்லை. இன்னொன்று, பரப்பு விவரம். எத்தனை ஹெக்டேருக்கு விதை வாங்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு வாராவாரம் வெளிவர வேண்டும், அதுவும் விவசாயி பூண்டை உடைப்பதற்கு முன்னால். முழுப் பூண்டாக இருக்கும்வரை அதை விதையாகவும் வைக்கலாம், சந்தைக்கும் அனுப்பலாம். உடைத்த பல் நெடுநாள் தாங்காது, நட்டே ஆக வேண்டும்.