இரண்டு செப்டம்பர்

செப்டம்பர் 1

1923. முற்பகல் 11.58. டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் மதியச் சோறு வெந்துகொண்டிருந்த நேரம். சகாமி விரிகுடாவுக்கு அடியில் நிலம் நழுவியது, 7.9 அளவு. இடிந்த வீடுகளைவிடக் கவிழ்ந்த அடுப்புகள்தான் அதிகம் பேரைக் கொன்றன. மரவீடுகள், அன்றைக்கென்று பலத்த காற்று. ஹோன்ஜோவில் ராணுவ உடைக்கிடங்கு இருந்த காலி மைதானத்துக்கு ஜனங்கள் பாய், படுக்கை, பெட்டியோடு ஓடிப்போய் ஒதுங்கினார்கள். தீச்சுழல் அங்கேயே வந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் சுமார் 38,000 பேர்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இரவு காய்ச்சல் 102. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர மூன்று நாளாகும் என்கிறார்கள்.

செப்டம்பர் 2

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சின்னத்தை இட்லி கொண்டுவந்தாள்.

செப்டம்பர் 3

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூகம்பம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தந்திக் கம்பியெல்லாம் அத்துருக்குமே, சேதி எப்படிட்டி வெளிய போச்சு?" முப்பது வருஷம் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர் வேறென்ன கேட்பார்.

யோகோஹாமா துறைமுகத்தில் நின்ற கப்பலின் வயர்லெஸ் வழியாகத்தான் சேதி கரையேறியது. புகுஷிமாவில் ஹரனோமாச்சியில் 200 மீட்டர் கோபுரத்தோடு ஒரு நிலையம் இருந்தது. அங்கிருந்து அன்றிரவே அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல்கள் மட்டும் போர்வைமேல் தட்டிக்கொண்டிருந்தன.

செப்டம்பர் 4

1923 செப்டம்பரில் ஒரு நாளுக்கு அந்த நாளின் சேதி மட்டும் படிப்பது என்றுதான் வைத்திருந்தேன். நேற்று இரவு தூக்கம் வராமல் கூடக் கொஞ்சம் படித்துவிட்டேன், இப்போது அது மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கொரியர்கள் கிணற்றில் விஷம் போடுகிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி. தெருவுக்குத் தெரு காவல் படை. மூங்கில் ஈட்டி, கத்தி, கொக்கி. போகிறவர் வருகிறவரை நிறுத்திப் பேசச் சொல்வார்கள், நாக்குப் பிசகினால் ஆள் காலி. ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். சீனர்களும் செத்தார்கள், வெளியூர் வழக்கில் பேசிய ஜப்பானியர்களும் செத்தார்கள்.

என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. செப்டம்பர் 3 காலையில், உள்துறை அமைச்சகம் 'கொரியர்கள் தீ வைக்கிறார்கள்' என்று எல்லா மாகாணங்களுக்கும் ஒரு சேதி அனுப்பியது. போனது ஃபுனபாஷி கடற்படை வயர்லெஸ் நிலையம் வழியாக. உயிர் காக்கும் சேதி போகிற அதே காற்றில் இதுவும் போயிருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று சாயங்காலம்வரை யோசித்துவிட்டுச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "எழுதிக் குடுத்தா அனுப்பித்தான ஆகணும். எங்க கையில என்ன இருக்கு?" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

குடும்ப வாட்ஸ்அப்பில் 'மாமாவை வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்களாமே' என்று ஒரு மெசேஜ். துபாயிலிருந்து அண்ணன் அழுதுகொண்டே கூப்பிடுகிறான். அப்பா அப்போது ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார். ஆரம்பித்தது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனால், எல்லாருக்கும் வேறு யாரோ சொன்னதுதான்.

செப்டம்பர் 5

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. நல்லதா கெட்டதா என்று கேட்டேன். இரண்டும் இல்லையாம்.

செப்டம்பர் 8

இன்றைக்கு அப்பாவின் நாள். கலிபோர்னியா, ஹோண்டா பாயிண்ட். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் டியாகோவுக்கு வரிசையாகப் போன 14 அமெரிக்கப் போர்க்கப்பல்கள். இரவு, பனிமூட்டம். சான்டா பார்பரா கால்வாய் வந்துவிட்டது என்று தலைமைக் கப்பல் கிழக்கே திரும்ப, பின்னால் வந்தவையும் திரும்பின. ஏழு கப்பல்கள் பாறையில் ஏறி உடைந்தன. 23 பேர் பலி. கரையிலிருந்த நிலையம், கப்பல் எந்தத் திசையில் இருக்கிறது என்று ரேடியோ பேரிங் கொடுத்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு வேகத்தையும் நேரத்தையும் வைத்துப் போட்ட தங்கள் கணக்கைத்தான் நம்பினார்கள். ஜப்பான் பூகம்பத்தால் நீரோட்டம் மாறியிருக்கும் என்றுகூடப் பின்னால் சொல்லிப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கரையில இருந்து ஒருத்தன் பேரிங் குடுக்கான். அதை நம்பமாட்டேங்கான், தன் கணக்கை நம்புதான். எல்லாக் கேப்டனும் இப்படித்தான்ட்டி!" பக்கத்துப் படுக்கைக்காரர் வாய்பிளந்து கேட்கிறார். நர்ஸ் வந்து படுக்கச் சொன்ன பிறகும் ஒரு பாரசீக வளைகுடாக் கதை ஓடியது. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

செப்டம்பர் 10

ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் அயர்லாந்து சேர்ந்தது. காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது.

செப்டம்பர் 13

ஸ்பெயினில் ஜெனரல் பிரிமோ டி ரிவேரா ஆட்சியைப் பிடித்தார். அரசர் அல்ஃபோன்சோ தடுக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள்.

செப்டம்பர் 14

நியூயார்க்கில் குத்துச்சண்டை. அர்ஜென்டினாவின் ஃபிர்போ முதல் சுற்றிலேயே ஏழு தடவை விழுந்து, ஏழு தடவையும் எழுந்து, உலக சாம்பியன் டெம்ப்ஸியைக் கயிற்றுக்கு வெளியே குத்தித் தள்ளினார். டெம்ப்ஸி விழுந்தது நிருபர்கள் மேல். அவர்களே மேலே தள்ளிவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் ஃபிர்போ காலி. அநியாயம். ஜப்பான் இன்னும் புகைந்துகொண்டிருக்க, உலகம் இதைத்தான் பேசியிருக்கிறது. நானும்தான் மூன்று தடவை வாசித்தேன்.

செப்டம்பர் 16

ஒசுகி சகாயே, இட்டோ நோயே, இருவரும் ஜப்பானிய அராஜகவாதிகள். அவர்களோடு ஆறு வயது மருமகன். பூகம்பக் குழப்பத்தில் ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், கொன்று, கிணற்றில் போட்டது. அதிகாரி அமகாசுவுக்குப் பத்து வருஷத் தண்டனை, மூன்றே வருஷத்தில் விடுதலை.

கிணற்றில் விஷம் என்று கிளப்பிவிட்ட ஊரில், கிணற்றில் கிடந்தது இதுதான்.

செப்டம்பர் 19

ஜெர்மனியில் 1914-இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி. ரூர் பகுதியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகளுக்கு எதிராக வேலையை நிறுத்தியவர்களுக்குக் கொடுக்கவும் நோட்டு அடித்தார்கள். 50 கோடி மார்க் நோட்டு ஒன்றின் தேதி 1 செப்டம்பர் 1923. படம் பார்த்தேன்.

பில் கவுண்டரில் நிற்கும்போது இதைப் படித்திருக்கக்கூடாது.

செப்டம்பர் 23

இந்த வாரம்தான் நாபா சமஸ்தானத்தில் ஜைட்டோவில் நேருவைப் பிடித்தார்கள். கூட கித்வானி, நம் தஞ்சாவூர்ப் பக்கத்து கே. சந்தானம். நேருவையும் சந்தானத்தையும் ஒரே விலங்கில் பூட்டித் தெருவில் நடத்தி, ரயிலில் ஏற்றி, நாபா சிறைக்குக் கொண்டுபோனார்கள். ராத்திரியில் முகத்தின்மேல் எலி ஓடும் கொட்டடி. வெளியே வந்ததும் மூன்று பேருக்கும் டைஃபாய்டு. நேரு மூன்று நான்கு வாரத்தில் எழுந்தார், மற்ற இருவருக்கும் ரொம்ப நாள் இழுத்தது.

இழுத்தாலும் சந்தானம் பிழைத்தார். அரசியல் நிர்ணய சபைவரை போனார். இதை மட்டும் இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன். அப்பா தூங்குகிறாரா கேட்கிறாரா தெரியவில்லை.

செப்டம்பர் 26

ரூரில் எதிர்ப்பைக் கைவிடுவதாக ஜெர்மன் பிரதமர் ஷ்ட்ரேஸமான் அறிவித்தார். அன்றே பவேரியாவில் நெருக்கடிநிலை, அதிகாரம் கார் என்பவர் கைக்கு. மியூனிக்கில் இன்னொருவர் காத்திருக்கிறார். அவர் பெயரை இந்த மாதம் எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 27

குண்டு வீசிப் பிடித்திருந்த கிரேக்கத் தீவு கோர்ஃபுவைவிட்டு இத்தாலி போனது. அவர்கள் தளபதியை யார் கொன்றார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனாலும் கிரேக்கர்களிடம் ஐந்து கோடி லிரா வாங்கிவிட்டார்கள். குண்டு விழுந்து செத்தது கோட்டைக்குள் இருந்த அகதிகள்.

99. நேற்றும் 99.

செப்டம்பர் 28

எத்தியோப்பியாவைச் சர்வதேச சங்கத்தில் சேர்த்தார்கள். 1935-இல் அதே இத்தாலி அங்கே படையோடு நுழையும்போது இந்தச் சங்கம் என்ன செய்தது என்று அப்பா கேட்கிறார். சொல்கிறேன் என்றேன், அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்